தபால் சுமந்த மேரி பாட்டி

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கடிதங்கள் ஆபீசுக்கு வரும். கிராணி பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவற்றைச் சுமந்து வந்தவர் யாரென்று நாங்கள் கேட்டதே இல்லை.

அமெரிக்காவில் சுமார் 1832-இல் அடிமையாகப் பிறந்தவர் மேரி ஃபீல்ட்ஸ். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பின்னாளில் மொன்டானாவில், கன்னியாஸ்திரிகள் இருந்த செயின்ட் பீட்டர் மிஷனில் துணி துவைத்தார், கோழி வளர்த்தார், சாமான் வண்டி ஓட்டினார். ஏதோ சண்டை என்று 1894-இல் பிஷப் அவரை அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்.

வயசோ அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகுட்டி கிடையாது. அப்படியும் 1895-இல் தபால் கொண்டு போகும் குத்தகையை எடுத்தார். அந்தக் குத்தகை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பாதை எது தெரியுமா? காஸ்கேட் ஊரிலிருந்து அதே மிஷனுக்கு! எட்டு வருஷம், தம்மை வெளியேற்றிய வாசலுக்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தார். பனியில் வண்டி ஓடாத நாளில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவாராம்.

1903-இல் ஓய்வு. குத்தகை வேலைக்கு ஏது பென்ஷன்? மறுபடி சலவைத் தொழில்தான். அதோடு ஊர்ப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதுபோல. 1914-இல் அவர் காலமானபோது காஸ்கேட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.