அடுத்த வீட்டு கேமரா

வீட்டு வாசலுக்குக் கேமரா என்ற எண்ணத்துக்கு வயது அறுபதுதான் ஆகிறது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்றொரு பேட்டை உண்டு. அங்கே வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலியர். கணவர் ஆல்பர்ட் மின்னணுக் கருவிகளில் வேலை தெரிந்தவர். இருவருடைய வேலை நேரமும் ஒத்துப்போகாததால் மேரி பல இரவுகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் குற்றங்கள் பெருகிவந்தன. கூப்பிட்டால் போலீஸ் வந்துசேர நேரம் பிடித்தது. 1966 ஆகஸ்ட் 1 அன்று இருவரும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று அது கிடைத்தது.

அவர்கள் வடிவமைத்த கருவி இப்படி வேலை செய்தது. கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துளைகள். உள்பக்கம் ஒரு கேமரா மேலும் கீழும் நகர்ந்து, நெட்டையானவர் வந்தால் மேல் துளை வழியாகவும் குழந்தை வந்தால் கீழ்த் துளை வழியாகவும் பார்க்கும். படம் படுக்கையறையில் இருக்கும் டிவியில் தெரியும். வெளியே நிற்பவரோடு மைக்கில் பேசலாம். தெரிந்தவர் என்றால் ஒரு பொத்தானை அழுத்தி அங்கிருந்தே தாழ்ப்பாளைத் திறக்கலாம். ஆள் சரியில்லை என்றால் இன்னொரு பொத்தான் அபாய ஒலி எழுப்பும். இன்று கடையில் விற்கும் வீடியோ அழைப்புமணியில் இருப்பவையெல்லாம் ஏறக்குறைய அதில் இருந்தன. அந்தக் கேமரா பார்த்தது கதவுக்கு வெளியே நிற்பவரை மட்டுமே. தெருவும் எதிர்வீடும் அதன் கவலையில் வரவில்லை. அடுத்த வீட்டாரோடு சண்டை வருவதற்கு வழியும் இல்லை.

கேபிள் வழியாகப் படத்தை வேறு அறைக்கு அனுப்பும் முறை அதற்கும் முந்தையது. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டே தளத்தில் ராக்கெட் கிளம்புவதைத் தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புரூக் என்ற பொறியாளர் அதை அமைத்தார். அதுவும் பார்ப்பதற்கு மட்டுமே. 1970களில் வீடியோ டேப் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் ‘பதிவு’ என்று ஒன்றைக் கேட்கவும் கொடுக்கவும் முடிந்தது. வங்கிகளும் கடைகளும் ஒரே டேப்பை அழித்து அழித்துப் பயன்படுத்தின. படம் மங்கி முகம் தெரியாமல் போகும். டேப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்தவரிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே அதைக் கேட்டு வாங்கியவர் பெரும்பாலும் போலீஸ்காரர்தான்.

பொது இடத்துக் கேமராவை அன்றாட விஷயமாக்கிய நாடு பிரிட்டன். போர்ன்மத் என்ற கடலோர ஊர் 1985இல் வீதிக்குக் கேமரா போட்டது. 1993 பிப்ரவரியில் பூட்டில் நகர வணிக வளாகத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கடத்திக் கொல்லப்பட்டது. அழைத்துப்போன இரு சிறுவர்களையும் வளாகத்துக் கேமராவின் மங்கலான படம் காட்டியது. அந்தப் படம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியபின், கேமரா வேண்டாம் என்று சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை. எங்கே எது நடந்தாலும் யாருடைய கேமராவிலாவது இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

டேப் போய் ஹார்ட் டிஸ்க் வந்ததும் கொடுப்பதன் தன்மை மாறியது. நகல் எடுத்தால் அசல் அப்படியே இருக்கும்; ஒருவருக்குக் கொடுத்ததைப் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம். கருவியின் விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. கதவைப் பார்த்த கேமரா மாடி விளிம்புக்கு ஏறித் தெருவைப் பார்க்கத் தொடங்கியது. ‘பதிவைக் கொடுப்பாரா’ என்ற பழைய கேள்வியோடு ‘என்னை எதற்காகப் பதிவு செய்தார்’ என்ற புதிய கேள்வியும் அப்போது கிளம்பியது.

அந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியதற்குச் செக் குடியரசில் நடந்த வழக்கு தெளிவான எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்தாரின் வீட்டு ஜன்னல்களை யாரோ திரும்பத் திரும்ப உடைத்துவந்தார்கள். 2007 அக்டோபரில் வீட்டுக்காரர் கூரை இறவாணத்தின் கீழ் ஒரு கேமரா பொருத்தினார். திருப்ப முடியாத கேமரா, ஒலிப்பதிவு கிடையாது, பார்க்க மானிட்டரும் இல்லை. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது பதியும். ஆனால் அதில் அவருடைய வாசலோடு பொது நடைபாதையும் எதிர்வீட்டு வாசலும் விழுந்தன. அக்டோபர் 6 இரவு விடிவதற்குள் யாரோ கவண்கல்லால் ஜன்னலை உடைத்தார்கள். பதிவு போலீஸுக்குப் போனது. இருவர் அடையாளம் காணப்பட்டார்கள். சந்தேகத்துக்குள்ளான ஒருவர், தன்னைப் படம்பிடித்ததே சட்டப்படி சரியா என்று கேட்டார். தகவல் பாதுகாப்பு அலுவலகம் வீட்டுக்காரர் செய்தது தவறு என்றது.

வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2014 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, பொது இடத்தை ஓரளவு பிடித்தாலும் அதை ‘முற்றிலும் வீட்டுக் காரியம்’ என்று சொல்ல முடியாது, தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. அதே தீர்ப்பில், தன் உடைமையையும் குடும்பத்தையும் காக்கும் நியாயமான தேவையைக் கணக்கில் எடுக்கலாம் என்றும் இருக்கிறது. ஜன்னல் உடைந்தவருக்கு இது அரைகுறை ஆறுதல்தான். ஆனாலும் தீர்ப்பின் அடிப்படை சரியானது: கேமரா எங்கே மாட்டியிருக்கிறது என்பதைவிட எதைப் பார்க்கிறது என்பதே சட்டத்துக்கு முக்கியம்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. 2013இல் ஜேமி சிமினாஃப் ‘டோர்பாட்’ என்ற அழைப்புமணிக் கேமராவுக்கு முதலீடு தேடி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அதே கருவி ‘ரிங்’ என்று பெயர் மாறி 2018இல் அமேசானுக்கு விற்கப்பட்டது. பதிவு வீட்டுப் பெட்டியில் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. பகிர்வதற்கு விரலால் ஒரு தட்டு போதும். அந்த ஆண்டே ‘நெய்பர்ஸ்’ என்ற செயலியும் வந்தது. தெருவாசிகள் தங்கள் வாசல் படங்களை அதில் போட்டுக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு முன்னால் நடந்துபோனாலே சந்தேகப் படமாக ஏறியது என்ற புகாரும் எழுந்தது. போலீஸும் அதன் வழியாகப் பதிவு கேட்டுவந்தது. 2022இல், அந்த ஆண்டில் மட்டும் 11 முறை அவசரம் என்று சொல்லி உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே போலீஸுக்குப் பதிவு கொடுத்ததாக அமேசான் ஒப்புக்கொண்டது. செயலி வழியாகப் போலீஸ் நேரடியாகக் கேட்கும் வசதி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

அதே வகைக் கருவி இங்கிலாந்தில் ஒரு தெருச் சண்டையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தேம் என்ற சிறு நகரத்தில் ஒருவர் அழைப்புமணியிலும் கொட்டகையிலும் பொது வண்டிப்பாதைப் பக்கமும் கேமராக்கள் வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்ணுக்குத் தன்னை எந்நேரமும் கண்காணிப்பதாக அச்சம். பேச்சு முற்றி அந்தப் பெண் வீடு மாறிப் போகும் அளவுக்கு வந்தது. 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி மெலிசா கிளார்க், அழைப்புமணியின் முன்னால் கடந்துபோகிறவர் படத்தில் விழுவதைப் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. அவர் கடுமையாகப் பார்த்தது ஒலிப்பதிவை. எல்லைக்கு வெகுதூரம் தள்ளி நடக்கும் பேச்சையும் பிடிக்கும் மைக், படத்தைவிட மோசமான ஊடுருவல் என்றார். துன்புறுத்தலும் தகவல் பாதுகாப்பு மீறலும் நடந்ததாக முடிவானது. பிரிட்டனில் வீட்டு எல்லைக்கு வெளியே படம்பிடிப்பவர் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். படத்தில் உள்ளவர் தன் பதிவைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் காவலுக்குப் பழைய ஏற்பாடு வேறு. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல்காரருக்கு ஊர் வரி கொடுத்தது. திருட்டுப் போனால் பொருளை மீட்க வேண்டியதும் முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டியதும் அவர் பொறுப்பு. கும்பினி ஆட்சி 1816இல் கிராமப் போலீஸ் முறையை விதியாக்கியது. காவல் வரி அதற்குப் பிறகும் பல ஊர்களில் நீடித்தது. நகரங்களில் திண்ணையில் இருப்பவரும் இரவில் விசில் ஊதிப்போகும் கூர்க்காவும் கண்ணாக இருந்தார்கள். அவர்கள் பார்த்ததைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் மனசைப் பொறுத்தது.

சென்னையில் வீட்டுக் கேமரா பரவலானது 2010க்குப் பிறகு. ரிச்சி தெருவில் நான்கு கேமரா, பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று, ஒரு ஹார்ட் டிஸ்க், வயர் என்று செட்டாக வாங்கி, மாட்டித் தர ஆளும் கூட்டிவரலாம் என்ற நிலை வந்தது. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. போலீஸ் பக்கத்துத் தெருக்களின் தனியார் கேமராப் பதிவுகளைத் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. 2017இல் ஆணையராக வந்த ஏ.கே. விசுவநாதன் காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று பிரசாரம் நடந்தது. குடியிருப்போரும் வணிகர்களும் செலவை ஏற்றார்கள். 2021 தொடக்கத்தில் சர்ஃப்ஷார்க் நிறுவனம், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராவோடு சென்னை உலகிலேயே முதலிடம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு கணக்கு டெல்லியை முதலிடத்திலும் சென்னையை மூன்றாமிடத்திலும் வைத்தது. இப்படிப்பட்ட பட்டியல்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை.

கேமரா இருப்பது ஒன்று, பதிவு கிடைப்பது வேறு. டிவிஆர் பெட்டி பெரும்பாலும் பரணிலோ டிவிக்கு மேலே உள்ள பலகையிலோ தூசி படிந்து கிடக்கும். பாஸ்வேர்டு மாட்டிப்போன பையனுக்குத்தான் தெரியும். அவன் நம்பர் மாறியிருக்கும். உள்ளே பேட்டரி தீர்ந்திருந்தால் திரையில் தேதி 2000 ஜனவரி 1 என்று காட்டும். இரவுப் படத்தில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டு நம்பர் பிளேட் வெள்ளைத் துண்டாகத் தெரியும். பென் டிரைவில் ஏற்றத் தெரியாவிட்டால் மானிட்டரையே செல்போனில் படம்பிடித்துப் போகிறவர்களும் உண்டு. டிஸ்கின் அளவைப் பொறுத்து சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் எல்லாம் தானாக அழிந்துவிடும். யோசித்துக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

கேட்கிற காரணங்களில் கொலையும் கொள்ளையும் அபூர்வம். பைக்கில் கீறல், வாசலில் கொட்டிய குப்பை, காணாமல் போன செருப்பு, கேட்டை மறித்து நிறுத்திய கார் என்பவையே அதிகம். 2020 ஜூலையில் நங்கநல்லூர் அடுக்ககம் ஒன்றில் கார் நிறுத்தும் இடம் பற்றிய தகராறு, சிசிடிவி பதிவோடு போலீஸ் புகாராகி, அந்தப் பதிவு நாடு முழுதும் சுற்றியது. இத்தகைய சண்டைகளில் பதிவு வைத்திருப்பவர் தனக்குச் சாதகமான அரை நிமிடத்தை வெட்டித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், எதிராளி அதற்கு முந்தைய பத்து நிமிடத்தைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டன. வெட்டிய பதிவு சமாதானம் கொண்டுவந்ததாகச் சொல்வது கடினம். பேச்சு நின்றுபோன வீட்டுக்காரர் பதிவு கேட்டால், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து முழுதாக, காவல் நிலையத்தின் வழியாகக் கொடுப்பதே மேல்.

இந்தியச் சட்டம் மெதுவாக வந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. 2023 தொடக்கத்தில், அடுத்த வீட்டுக் கேமரா தன் வீட்டை நோக்குகிறது என்று ஒரு பெண் தொடுத்த வழக்கில், பாதுகாப்பு என்ற பெயரில் அயலாரை வேவு பார்க்க விட முடியாது, வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 2025இல் ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2023ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டமோ தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. தெருவைப் பார்க்கும் கேமரா வீட்டுப் பயன்பாட்டில் அடங்குமா என்பதை அதன் வாசகம் விளக்கவில்லை. பிரிட்டனில்போல ‘என் படத்தைக் கொடு’ என்று வீட்டுக் கேமராக்காரரிடம் உரிமையோடு கேட்க இங்கே தெளிவான வழியில்லை.

நீதிமன்றத்தில் பதிவு செல்லுபடியாவது தனிக் கதை. வாரணாசி விடுதி ஒன்றில் 2010இல் நடந்த மரணத்துக்காக இரண்டு இத்தாலியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். விடுதியின் சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு கடைசிவரை தாக்கல் செய்யவில்லை. சிறந்த சாட்சியத்தை மறைத்ததை அந்தத் தரப்புக்கு எதிராகவே கொள்ள வேண்டும் என்று சொல்லி, 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2014, 2020 தீர்ப்புகள் நிலைநாட்டின. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றில் பதிவைத் தருபவர், மற்றதில் வல்லுநர் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கேமராவின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், அவரைத் தரச் சொல்லும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்று 2020 தீர்ப்பு வழி சொல்லியிருக்கிறது.