மூட்டு நோவுக்கு இரண்டு கடற்சரக்குகள்: மீன் எண்ணெயும் பச்சை உதட்டுச் சிப்பியும்

மூட்டுத் தேய்ந்து நொண்டும் நாய்க்கு மீன் எண்ணெய் கொடுப்பவர்களும் உண்டு; நியூசிலாந்துப் பச்சை உதட்டுச் சிப்பியின் பொடியைக் கொடுப்பவர்களும் உண்டு. முன்னது பெரும்பாலும் பெரு நாட்டு நெத்திலியை வேகவைத்துப் பிழிந்த கொழுப்பு. பின்னது சிப்பிச் சதையை முழுதாக உலர்த்திய தூள். இரண்டையும் ‘ஒமேகா-3’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் இவற்றின் நெருங்கிய உறவு பிறப்புக் கதையில்தான் இருக்கிறது.

1970களில் பாங், டைர்பெர்க் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து, அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்குக் கடலுணவுக் கொழுப்பே காரணமாகலாம் என்றனர். சிப்பிக்கும் இதே சாயலில் ஒரு கதை உண்டு: நியூசிலாந்தின் கரையோர மாவோரிப் பழங்குடியினருக்கு மூட்டு நோவு குறைவு, அவர்கள் சிப்பி உண்பவர்கள். இரண்டு கதைகளுக்கும் அடித்தளம் மெலிவு. கிரீன்லாந்தின் மாரடைப்புக் கணக்கை அந்த ஆய்வாளர்கள் தாமே எடுக்கவில்லை; 2014இல் வந்த மறுஆய்வு இதைச் சுட்டியது. மாவோரிக் கூற்று பெரும்பாலும் செவிவழியாக வந்தது. இப்படிக் கடற்கரை மனிதரைப் பார்த்துப் பிறந்த இரண்டு நம்பிக்கைகளும் நாயின் கால்களில் கறாரான சோதனையைச் சந்தித்தன என்பது எனக்குப் பெருவியப்பு.

நாய்க்கு மருந்தின்மேல் நம்பிக்கை கிடையாது. வளர்ப்பவருக்கு உண்டு, மருத்துவருக்கும் உண்டு. ஆகவே நடக்கும்போது ஒவ்வொரு காலும் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் விசைத்தட்டையே நல்ல சாட்சியாகக் கொள்ளலாம். மீன் எண்ணெய் சேர்த்த உணவு 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அந்தத் தட்டில் தேறியது. சிப்பி சேர்த்த உணவு 2013இல் கனடாவில் தேறியது. ஆனால் அமெரிக்க ஆய்வில் ஒப்பிடுவதற்குத் தனிக் குழு இருந்தது. கனடாவிலோ அதே நாய்களுக்கு முதலில் சாதாரண உணவும் பிறகு சிப்பி உணவும் கொடுத்தார்கள். சாட்சியின் எடை எண்ணெய்ப் பக்கமே சாய்கிறது. சிப்பியையும் தள்ளிவிட முடியாது: 2009இல் வெளியான பின்லாந்து ஆய்வில் அது வெற்று மருந்தைவிட மேலாகவும் கார்புரோஃபென் வலிமருந்துக்குக் கீழாகவும் நின்றது.

அளவில்தான் இரண்டும் வெகுவாக விலகுகின்றன. 10 கிலோ நாயின் மூட்டு நோவுக்குப் பரிந்துரைக்கப்படும், மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்களான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,740 மில்லிகிராம். மனிதருக்கான சாதாரண மாத்திரையில் இருப்பது 300. ஆக, ஆறு மாத்திரைகள். 2006இல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் வகுத்த பாதுகாப்பு உச்சவரம்போ ஏறத்தாழ 2,080. இடைவெளி குறுகியது. மிஞ்சினால் வயிறு இளகும், இரத்தம் உறைவது தாமதப்படும். எண்ணெய் என்பதால் உடல் பருக்கவும் வாய்ப்பு. பருமன் மூட்டுக்குப் பகை. சிப்பிப் பொடியைக் கொடுப்பதோ பெரும்பாலும் ஒரு கிராம் அளவில். அதில் கொழுப்பு சிறு பங்குதான். அவ்வளவு சொற்பமான ஒமேகா-3 மட்டும் பலனை விளக்கிவிடாது. சிப்பியில் உள்ள ஈ.டி.ஏ. என்ற அரிய கொழுப்பமிலத்தையும், குருத்தெலும்பில் காணப்படும் வகைச் சர்க்கரைச் சேர்மங்களையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

எண்ணெய்க்குப் பகை காற்று. சிப்பிக்குப் பகை சூடு. ஒன்றைத் திறந்ததும் குளிரில் வைக்க வேண்டும். மற்றதை உறையவைத்து உலர்த்தியதாகப் பார்த்து வாங்க வேண்டும். வரத்திலும் இரண்டும் ஒரு கரையை நம்பியவை: 2023இல் பெரு முதல் நெத்திலிப் பருவத்தைக் கைவிட்டதும் உலகெங்கும் மீன் எண்ணெய் விலை ஏறியது. நியூசிலாந்துப் பண்ணைகளோ தம் சிப்பிக் குஞ்சுகளில் பெரும்பகுதிக்கு, ‘தொண்ணூறு மைல் கடற்கரை’ என்ற இடத்தில் பாசியோடு ஒதுங்குவதையே நம்பியிருக்கின்றன.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால், ஒல்லியான நாய்க்கு மீன் எண்ணெயை முதலில் வைப்பேன். பருத்த நாய்க்கும் எண்ணெய் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கும் சிப்பி. எண்ணெய் என்று மீன் ஈரல் எண்ணெயை மட்டும் வாங்கிவிடக் கூடாது. மூட்டுக்குரிய அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகையாகிவிடும்.