பொலிஸ் புத்தகத்தில் கணவன் எங்கே?

இலங்கைப் பொலிஸ் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த பாரிய குற்ற அட்டவணையில் மாட்டுத் திருட்டுக்குத் தனி மரியாதை உண்டு. வேறு பொருள் களவுபோனால் அதன் பெறுமதி இத்தனை ரூபாய்க்கு மேல் இருக்கவேண்டும்; அப்போதுதான் அது பாரிய குற்றம். மாட்டுக்கும் சைக்கிளுக்கும் அந்த எல்லை கிடையாது. கிழட்டு மாடென்றாலும் கணக்கில் வந்துவிடும். அதே அட்டவணையில் மனைவியை அடித்த கணவனைத் தேடிப் பாருங்கள். கத்தியால் வெட்டியிருந்தால் 'கத்தியால் காயப்படுத்தல்' என்ற கட்டத்தில் இருப்பான். எலும்பை முறித்திருந்தால் 'கடுங்காயம்'. உயிர் போயிருந்தால் 'மனிதக் கொலை'. வெறுங்கையால் அடித்திருந்தால் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இது யாரோ ஒரு அதிகாரியின் கவனக்குறைவால் வந்ததல்ல. கணக்கெடுக்கத் தொடங்கியவர்களுக்கு எது குற்றமாகப் பட்டது என்பதிலிருந்து வந்தது.

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி வில்லியம் ரொபர்ட் கெம்பல் பொலிஸ் படையின் பொறுப்பை ஏற்றார். பம்பாய் மாகாணத்தின் இரத்தினகிரியில் காவற்படை நடத்திய அனுபவத்தோடு வந்தவர். மறுவருடமே முதலாவது பொலிஸ் மாஅதிபரானார். கோப்பித் தோட்டங்கள் செழித்த காலம் அது. வண்டி இழுக்கவும் வயலை உழவும் மாடு வேண்டும். மாடு போனால் கிராமத்தவனின் பிழைப்பே போச்சு. கொலை, கத்திக்குத்து, வீடுடைப்பு, மாட்டுத் திருட்டு என்பவை ஆண்டறிக்கைகளில் இடம்பிடித்தது இப்படித்தான். குடியேற்றக் கால இலங்கையின் குற்றங்களைப் பற்றி ஜோன் ரொஜர்ஸ் 1987இல் எழுதிய நூல், மாட்டுத் திருட்டு, கொலை, கலவரம் என்ற மூன்றையே விரிவாக ஆராய்கிறது. ஆவணம் எதைச் சேமித்து வைத்ததோ அதைத்தானே வரலாற்றாசிரியரும் எழுதமுடியும்?

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. 314ஆம் பிரிவு சாதாரண காயம், 316 கடுங்காயம், 363 வன்புணர்வு. வீட்டுக்காரர் செய்தாரா வெளியார் செய்தாரா என்று காயப் பிரிவுகள் கேட்பதில்லை. வன்புணர்வுப் பிரிவு மட்டும் கேட்டது. அதுவும் கணவனை விலக்கி வைப்பதற்காக. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் வந்தபிறகும், நீதிமன்றம் பிரித்துவைத்த மனைவி என்றால்தான் கணவன்மீது அந்தக் குற்றம் சாரும்.

அந்தத் திருத்தம் வேறு சில கதவுகளைத் திறந்தது என்பதையும் சொல்லவேண்டும். சம்மதம் சொல்லக்கூடிய வயது 12இலிருந்து 16ஆக உயர்ந்தது. பாலியல் தொந்தரவும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமும் தனிக் குற்றங்களாயின. தந்தையோ சகோதரனோ செய்யும் பாலியல் குற்றத்துக்கு 364அ என்ற புதுப் பிரிவு வந்தது. சட்டம் உறவுமுறையின் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. அட்டவணை என்ன செய்தது? வன்புணர்வையும் 364அ குற்றத்தையும் ஒரே கட்டத்துக்குள் போட்டது. 2010களின் முற்பகுதியில் அந்தக் கட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 சம்பவங்கள் பதிவாகின. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்கு மேலா கீழா என்ற பிரிப்பு உண்டு, பெரும்பகுதி கீழேதான். தகப்பன்மார் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது.

அட்டவணைக்கு வருமுன் முறைப்பாடு ஒரு புத்தகத்துக்குள் போகவேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ "பொலிஸில ஒரு என்ட்ரி போட்டு வை" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. ஆனால் எந்தப் புத்தகத்தில் என்ட்ரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாரிய குற்றத்துக்கு ஒரு தகவல் புத்தகம், சிறு குற்றத்துக்கு இன்னொன்று, பொதுவான முறைப்பாடுகளுக்கு வேறொன்று. கணவன் அடித்த விஷயம் வழக்கமாகப் போய்ச் சேருவது பின்னிரண்டில். "புருஷன் பெண்சாதி சண்டை, பேசித் தீருங்கோ" என்று ஆலோசனையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால், பக்கத்தில் மை காய்வதோடு அந்தச் சம்பவம் முடிந்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகளுக்கும் இத்தகைய பிணக்குகள் போவதுண்டு. அங்கே தீர்ந்தால் குற்றவாளி என்று ஒருவர் உருவாவதே இல்லை.

குற்றவாளி என்ற ஆளைப் பொலிஸ் காகிதத்தில் உருவாக்கியது விரல் அடையாளம். ஹேர்பர்ட் டௌபிகின் பொலிஸ் மாஅதிபராக இருந்த 1913–1937 காலத்தில் விரல் அடையாளமும் புகைப்படமும் இந்நாட்டில் நிலைபெற்றன. காலியில் திருடிக் கண்டியில் பிடிபட்டவன் பெயரை மாற்றிச் சொன்னாலும் பழைய தண்டனைகள் அவனைக் காட்டிக்கொடுத்தன. ஊர் ஊராகத் திரியும் திருடனுக்காக அமைந்த ஏற்பாடு அது. ஒரே வீட்டில், ஒரே பெண்ணை, வருடக்கணக்காக அடிப்பவன் தண்டனை பெறாதவரை அந்த ஏட்டில் 'முதல் தடவை'க்காரன்கூட இல்லை.

மொழிச் சிக்கல் இதற்கு மேல். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதவேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது. எழுத முடியாத அதிகாரிக்கு விதிவிலக்கும் அதிலேயே உண்டு. விதிவிலக்குத்தான் நடைமுறையாயிற்று என்பது கொழும்புத் தமிழருக்குப் புதிய செய்தியல்ல. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி அதிகாரிகள் இருக்கவேண்டும், தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுப்பது முறைப்பாட்டாளரின் உரிமை என்று பரிந்துரைத்தது. சட்டம் வந்து 32 வருடங்களுக்குப் பிறகும் அதைப் பரிந்துரையாகச் சொல்லவேண்டியிருந்தது!

போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொலிஸ் பதிவு என்றால் வேறு பொருள். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுத்துப் பதிவது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை இடைநிறுத்தியது. 2008இல் வடக்கிலிருந்து வந்தவர்களைப் பதியும் நாட்கள் தனியாக அறிவிக்கப்பட்டன. ஆக, எந்தப் பிளட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது நிலையத்துக்குத் தெரியும். அந்தப் பிளட்டில் யார் யாரை அடிக்கிறார் என்பதைச் சொல்ல அதே வாசலுக்கு ஒரு பெண் எந்தத் தைரியத்தில் போவாள்? அந்த வருடங்களில் இங்கே குடும்ப வன்முறை முறைப்பாடு குறைவென்று எவராவது எண்ணைக் காட்டினால், அது வீடுகளின் அமைதியைக் காட்டும் எண் என்று நம்பத் தேவையில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைச் சரிசெய்திருக்கலாம். உண்மையில் அது புதிய குற்றம் எதையும் படைக்கவில்லை. நீதவானிடம் 14 நாள் இடைக்காலக் கட்டளையும், 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெற வழி செய்தது. கட்டளையை மீறினால்தான் தண்டனை. எனவே அந்தச் சட்டத்தின் தடங்கள் நீதவான் நீதிமன்றக் கோப்புகளில் சேர்கின்றன, பாரிய குற்ற அட்டவணையில் அல்ல. அயலில் இந்தியாவைப் பாருங்கள்: 1983இல் 498ஏ பிரிவு வந்தது, 'கணவனும் உறவினரும் செய்யும் கொடுமை' என்ற தலைப்பு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் ஏறியது. வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவரே செய்தார் என்று அதே அறிக்கைகள் சொல்ல முடிகிறது. இங்கிலாந்தில் 2015 ஏப்ரல் முதல் ஒவ்வொரு குற்றப் பதிவிலும் அது வீட்டு வன்முறையா என்று குறியிடவேண்டும். குறியிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று அங்கேதான். 2014இல் பொலிஸ் பணியை மேற்பார்வையிடும் பரிசோதகர்கள் ஆராய்ந்தபோது, முறையிடப்பட்ட பாலியல் குற்றங்களில் 26 வீதம் புத்தகத்திலேயே ஏறவில்லை.

பொலிஸ் எண்ணை விட்டுவிட்டு மக்களையே கேட்கும் முறை உலகில் வேரூன்றிய கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மறே ஸ்ட்ரோஸ் 1949 முதல் 1952 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஊர் திரும்பி 1953இல் ஜக்குலின் ஸ்ட்ரோஸுடன் சேர்ந்து இலங்கையின் தற்கொலையையும் கொலையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முழுக்க அரசாங்கப் புள்ளிவிபரங்கள். அதே மனிதர்தான் 1975இல் அமெரிக்கக் குடும்பங்களிடம் நேரடியாகக் கேட்கும் தேசிய ஆய்வை நடத்தினார். 1979இல் தள்ளினாரா, அறைந்தாரா, உதைத்தாரா என்று செயல் செயலாகக் கேட்கும் அளவுகோலை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வும் இப்படிச் செயல்களைக் கேட்கும் முறையைத்தான் கையாண்டது.

அந்த முறை இலங்கைக்கும் வந்தது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுப் பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், வாழ்நாளில் துணைவரால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தாக்கப்பட்டவர்கள் 20.4 வீதம். ஐந்தில் ஒருவர். அதற்கு முன்னர் 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வில், மணமான பெண்களில் 17 வீதமானோர் முந்தைய 12 மாதங்களுக்குள் துணைவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருந்தனர்.

இவை பாதிக்கப்பட்டவர்களின் எண்கள். செய்தவர்களிடமே கேட்டால்? 2013இல் வெளிவந்த, கொழும்பு, நுவரெலியா, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு மாவட்டங்களில் நடந்த கேர் நிறுவன ஆய்வு அதைச் செய்தது. வன்புணர்வு என்ற சொல்லையே உச்சரிக்காமல் செயலை விவரித்துக் கேட்டார்கள். ஆண்களில் 14.5 வீதத்தினர் செய்ததாக ஒப்புக்கொண்டனர். அவர்களில் 96.5 வீதத்தினரைச் சட்டம் எந்த வகையிலும் தொடவில்லை. மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதைப் பற்றிக் கவலையோ குற்ற உணர்வோ இருக்கவில்லை.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பொலிஸ் ஏட்டைத் திரும்பப் பார்த்தால், பாலியல் குற்றவாளி இன்ன வயதினன், இன்ன தொழிலினன் என்று ஏட்டிலிருந்து வரையும் எந்தச் சித்திரமும் நூறில் மூன்று நான்கு பேரின் சித்திரமே. அகப்பட்டவர்களை வைத்து அகப்படாதவர்களை ஊகிக்கிறோம். ஏட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொலை போன்ற மறைக்க முடியாத குற்றங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் கொலையிலும் 'செய்தவர் இறந்தவருக்கு என்ன முறை' என்ற ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். செலவில்லாத வேலை, அதிகாரிக்குப் பதில் ஏற்கெனவே தெரியும்.

அதுவரை, நிலையத்துக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சொல்வதைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துக் காட்டாமல் கையொப்பம் போடாதீர்கள். அடித்தவர் உங்களுக்கு என்ன உறவு என்ற வசனம் வாக்குமூலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் புத்தகத்தில், எந்த இலக்கத்தில் பதிந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலையத்தில் காது கொடுக்காவிட்டால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.