ராஜா போட்ட கூரை: லோஃபோட்டன் ரோர்புகளின் வரலாறு

நார்வே நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, கடலுக்குள் நீட்டிய விரல் போல ஒரு தீவுக்கூட்டம் தெரியும். அதன் பெயர் லோஃபோட்டன். கடலில் இருந்து நேராக எழும்பும் கூர்மையான மலைகள், அவற்றின் காலடியில் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள், தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் சிவப்பு நிறக் குடில்கள்... காலண்டர்களிலும் கணினித் திரைகளிலும் பலரும் பார்த்திருக்கக் கூடிய காட்சி இது.

அந்தக் குடில்களுக்கு 'ரோர்பு' என்று பெயர். இன்று குளிர்கால விடுமுறைக்காக உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து அவற்றில் தங்குகிறார்கள். வெளியே பனிக்காற்று, உள்ளே கணப்பு, ஜன்னலுக்கு வெளியே வானத்தில் பச்சை நிற வடதுருவ ஒளி. கேட்கவே சுகமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கூரைகளுக்கு ஏறத்தாழ 900 ஆண்டு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி சுகமானது இல்லை.

மீன் வரும் மாதம்

குளிர்காலத்தில் இவ்வளவு வடக்கே மனிதன் ஏன் போனான்? ஒரே காரணம், மீன்.

வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன், ஒவ்வொரு ஆண்டும் முட்டையிடுவதற்காகப் பல நூறு கிலோமீட்டர் நீந்தி லோஃபோட்டன் கடலுக்கு வருகிறது. இப்படி வலசை வரும் காட் மீனை நார்வேக்காரர்கள் 'ஸ்க்ரை' என்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது கரைக்கு அருகிலேயே கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டம் இந்தப் பக்கம் பாய்வதால் கடல் உறைவதில்லை. இவ்வளவு வடக்கே இருந்தும் கரையோரத்தில் குளிர்கால வெப்பநிலை பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

அந்த வெப்பநிலை இன்னொரு விதத்திலும் வசதி. பிடித்த மீனைத் தலை நீக்கி, இரண்டிரண்டாகக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்க விட்டால் போதும். உப்பே வேண்டாம். அழுகவும் செய்யாது, கல் போல உறையவும் செய்யாது. மே, ஜூன் வாக்கில் கட்டை போலக் காய்ந்து, எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது. இந்த உப்பில்லாக் கருவாடுதான் பல நூற்றாண்டுகளாக வட நார்வேயின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்.

ஆக, ஆண்டின் மிக மோசமான மாதங்களில்தான் இங்கே வேலை. ஆட்கள் வெளியூரில் இருந்து துடுப்புப் போட்டும் பாய் விரித்தும் வந்தார்கள். வந்தவர்கள் எங்கே படுப்பது? தொடக்கத்தில், கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில்!

இரண்டு ராஜாக்கள்

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயை சகோதரர்கள் சேர்ந்து ஆண்டார்கள். அவர்களில் சிகுர்ட் 1107 வாக்கில் கப்பல் படையோடு ஜெருசலேமுக்குப் புனிதப் போருக்குப் போனவன். ஓய்ஸ்டெய்ன் ஊரிலேயே இருந்து நாட்டைக் கவனித்துக்கொண்டவன்.

ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட பழைய அரச வரலாறுகளில் ஒரு சுவையான காட்சி வருகிறது. விருந்தில் அண்ணனும் தம்பியும் யார் பெரியவன் என்று போட்டி போட்டுப் பேசுகிறார்கள். சிகுர்ட் தன் போர்களையும் ஜெருசலேம் பயணத்தையும் சொல்லிப் பெருமை அடிக்கிறான். ஓய்ஸ்டெய்ன் தான் கட்டியவற்றைப் பட்டியல் போடுகிறான். அதில் ஒன்று: வடக்கே வோகன் என்ற இடத்தில் ஏழைகள் மீன் பிடித்துப் பிழைக்க வாடிகள் போட்டது, அங்கே ஒரு தேவாலயம் கட்டியது.

இந்த உரையாடல் அப்படியே நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சம்பவத்துக்கு 100 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது அது. ஆனால் வோகன் உண்மையான ஊர். இன்றைய காபெல்வோக் அருகே அதன் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. ஓய்ஸ்டெய்ன் வாடிகள் போட்ட காலத்தை 1120ஐ ஒட்டி என்று வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள்.

ராஜாவுக்கு இதில் லாபம் இல்லாமலும் இல்லை. கூரை இருந்தால் ஆள் வருவான், ஆள் வந்தால் மீன் வரும், மீன் வந்தால் வரி வரும். அந்தக் காலத்தில் வரியே மீனாகத்தான் வசூலானது.

உள்ளே எப்படி இருந்தது?

'ரோர்பு' என்ற சொல்லைப் பிரித்தால் 'ரோ' என்பது துடுப்புப் போடுவது, 'பு' என்பது தங்குமிடம். துடுப்புக்காரன் குடில். ஒரு பாதி பாறை மேல், மறுபாதி கடலில் ஊன்றிய மரத்தூண்கள் மேல். படகைக் கீழேயே கொண்டுவந்து கட்டலாம், மீனையும் சாமான்களையும் நேராக ஏற்றி இறக்கலாம்.

பழைய ரோர்புவில் பொதுவாக இரண்டு பகுதிகள். முன்பகுதியில் தூண்டில் கயிறுகள், வலைகள், பீப்பாய்கள், உணவுச் சாமான்கள். உள் அறையில்தான் சமையல், சாப்பாடு, தூக்கம், நனைந்த உடுப்பைக் காயப் போடுவது, கிழிந்த வலையைத் தைப்பது எல்லாம். சுவரை ஒட்டி அடுக்குக் கட்டில்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுப்பது சாதாரணம். ஒரே அறையில் 10, 12 பேர். வெளிச்சத்துக்கு மீன் ஈரல் எண்ணெய் விளக்கு. ஈரக் கம்பளி, புகை, மீன், வியர்வை... அந்த வாசனையை இன்றைய விளம்பரங்கள் சொல்வதில்லை!

ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவருவார்கள். தட்டை ரொட்டி, வெண்ணெய், பதப்படுத்திய இறைச்சி என்று சில மாதங்களுக்கு வேண்டியதை வீட்டுப் பெண்கள் அதில் அடுக்கித் தந்திருப்பார்கள். ஆண்கள் இல்லாத அந்த மாதங்களில் மாட்டையும் பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் அந்தப் பெண்களே.

அழகாகத் தெரிகிற அந்தச் சிவப்பும் அழகுக்காகப் பூசியது இல்லை. செம்மண் சாயத்தை மீன் எண்ணெயில் குழைத்தால் மலிவாக முடியும். வெள்ளைச் சாயம் விலை அதிகம். அது வசதி படைத்தவர்கள் வீட்டுக்கு.

காலையில் போன படகு மாலையில் திரும்பும் என்ற உறுதி யாருக்கும் கிடையாது. 1849 பிப்ரவரியில் அடித்த புயலில் மட்டும் ஏறத்தாழ 500 மீனவர்கள் மாண்டதாகச் சொல்கிறார்கள்.

வழி தவறி வந்த விருந்தாளி

இன்றைய பயணிகளுக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லலாம். அவர் விரும்பி வரவில்லை. வெனிஸ் நகரப் பிரபு பியெத்ரோ குவெரினி 1431ல் கிரீட் தீவில் இருந்து ஒயினும் வாசனைப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் நோக்கிக் கிளம்பினார். புயலில் சிக்கி, கப்பலைக் கைவிட்டு, சிறு படகில் வடக்கே அடித்துச் செல்லப்பட்டார். 68 பேரில் கடைசியில் உயிர் தப்பியவர்கள் 11 பேர்தான். 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் கடைக்கோடியில் உள்ள ரோஸ்ட் அருகே ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். பிறகு ரோஸ்ட் மீனவர்கள் அவர்களைக் கண்டுபிடித்துத் தங்கள் வீடுகளுக்கு அழைத்துப் போனார்கள்.

மே மாதம் வரை அவர்களை வைத்துச் சோறு போட்டவர்கள் அந்த ஏழைகள். குவெரினி ஊர் திரும்பியதும் இதையெல்லாம் எழுதி வைத்தார். காற்றில் காயும் அந்த மீனைப் பற்றியும் எழுதினார். இன்றும் லோஃபோட்டன் கருவாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர் இத்தாலிதான் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான முடிவு.

கூரை யாருடையதோ, மீன் அவருடையது

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. ராஜா ஏழைகளுக்கென்று போட்ட கூரை, காலப்போக்கில் தனியார் கைக்குப் போனது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொரு மீன்பிடி ஊருக்கும் ஒரு முதலாளி. கரை அவருடையது, ரோர்புகள் அவருடையவை, கருவாடு காயப்போடும் சட்டங்கள் அவருடையவை, கடையும் அவருடையது. நம் கடற்கரை வழக்கில் சொன்னால் ஒரு பெரிய சம்மாட்டி.

மீனவன் அவருடைய குடிலில் தங்க வேண்டுமானால் மீனையும் அவருக்கே விற்க வேண்டும். விலையைச் சொல்பவர் அவரே. கயிறும் மாவும் கடனுக்குத் தருபவரும் அவரே. வாடகையைக் குறைத்துக்கொண்டு, அதை மீன் விலையில் எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியும். "விலை கட்டாது, வேறு ஆளுக்கு விற்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? பிப்ரவரி மாதப் பனியில் அவன் படுக்க இடம் இருக்காது. அவ்வளவுதான்.

1816ல் வந்த சட்டம் முதலாளிகளின் பிடியை இன்னும் இறுக்கியது. கரையோரக் கடலே பங்கு பிரிக்கப்பட்டது. எந்த ஊரில் தங்குகிறானோ அந்த ஊர்ப் பங்கில்தான் மீனவன் மீன் பிடிக்கலாம். எதிர்ப்பு வளர்ந்து 1857ல் புதிய சட்டம் வந்தது. கடல் எல்லோருக்கும் பொது என்றானது, மேற்பார்வை அரசிடம் போனது. ஆனால் கூரை பொதுவாகவில்லை. கரையும் குடிலும் முதலாளியிடமே இருந்ததால் பழைய கட்டு முழுவதும் அறுபடவில்லை.

1890களில் ஒரு பருவத்துக்கு 30,000க்கும் அதிகமான மீனவர்கள் லோஃபோட்டனில் கூடினார்கள். அவ்வளவு பேருக்குக் குடில்கள் எங்கே இருக்கும்? நெருக்கடி கூடக் கூட, கூரை வைத்திருந்தவர் கைதான் ஓங்கியது.

மாற்றம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, மோட்டார் படகு. 20ஆம் நூற்றாண்டில் தளமும் அறையும் கொண்ட படகுகள் வந்ததும் மீனவன் படகிலேயே தூங்க முடிந்தது. இரண்டாவது, 1938ஆம் ஆண்டுச் சட்டம். முதல் விற்பனை மீனவர்களின் சொந்த விற்பனை அமைப்பு மூலமாகத்தான் நடக்க வேண்டும், குறைந்தபட்ச விலையை அந்த அமைப்பே முடிவு செய்யும் என்று ஆனது. விலை சொல்லும் அதிகாரம் முதலாளியின் கையை விட்டுப் போனது. 900 ஆண்டுக் கதையில் மீனவன் தலை நிமிர்ந்தது இந்த இடத்தில்தான் என்று சொல்லலாம்.

குடில் விடுதியான கதை

தங்க ஆள் இல்லாமல் ரோர்புகள் காலியாகின. சில இடிந்தன, சில கடலோடு போயின. 1960களில் இருந்து அவற்றைக் கோடைக்காலப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் வளர்ந்தது. 1975ல் ஐரோப்பியக் கட்டடக்கலைப் பாரம்பரிய ஆண்டு கொண்டாடப்பட்டபோது, நுஸ்ஃபியோர்ட் என்ற ஊர் நார்வேயின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாகத் தேர்வானது. 'ஓ' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட ஊரில் பழைய வாடிகளும் படகுக் கொட்டகைகளும் அருங்காட்சியகமாகக் காப்பாற்றப்பட்டன. 2007ல் தரைவழிச் சாலை இணைப்பு முழுமையானதும் படகுத்துறையில் காத்திருக்கும் தேவையும் போயிற்று.

இப்போது குளிர்காலத்திலும் கூட்டம். 12 பேர் நெருக்கிப் படுத்த அறையில் இரண்டு பேர் தங்குகிறார்கள். வெந்நீர், தரைச் சூடு, மெத்தை எல்லாம் உண்டு. புதிதாகக் கட்டப்படும் விடுதிகளும் சிவப்பு பூசிக்கொண்டு 'ரோர்பு' என்றே பெயர் வைத்துக்கொள்கின்றன. துடுப்புப் போட்டு வந்தவன் யாரும் அவற்றில் ஒரு நாளும் தூங்கியதில்லை.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயணிகள் வராமல் போயிருந்தால் பல குடில்கள் இன்று இருந்திருக்கவே மாட்டா. ஸ்க்ரையும் நின்றுவிடவில்லை. இன்றும் ஜனவரியில் மீன் வருகிறது, படகுகள் போகின்றன, மரச்சட்டங்களில் மீன் தொங்குகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து மீன் நாக்கு அறுத்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள்.

இருந்தாலும் பழைய கேள்வி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இந்தக் கரையில் கூரை யாருக்கு? விடுமுறை வாடகை நல்ல வருமானம் தருவதால், அங்கேயே வேலை செய்து வாழ நினைக்கும் இளைஞர்களுக்கு வீடு கிடைப்பது கடினமாகிறது. பயணிகளின் சுமை பற்றிய பேச்சு பல ஆண்டுகள் நடந்த பிறகு, கூட்டம் அதிகம் வரும் ஊர்களின் உள்ளாட்சிகள் தங்கும் கட்டணத்தில் 3 சதவீதம் வரை வசூலித்துக்கொள்ளலாம் என்று 2025ல் நார்வே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஓய்ஸ்டெய்ன் காலத்தில் தங்க வந்தவனிடம் மீனாக வாங்கிய வரியை இனி அட்டை தேய்த்து வாங்குவார்கள்!

சிகுர்ட் வென்ற ஊர்களில் எதுவும் இன்று நார்வேயிடம் இல்லை. ஓய்ஸ்டெய்ன் போட்ட வாடிகளும் எப்போதோ மண்ணாகிவிட்டன. ஆனால் குளிரில் வந்தவனுக்குக் கடலோரத்தில் ஒரு கூரை வேண்டும் என்ற அவன் யோசனை மட்டும், கை மாறிக் கை மாறி, இன்னும் அதே பாறைகளின் மேல் நிற்கிறது.