டயருக்கு ஏற்ற ரிம்: வண்டிப் பட்டை முதல் கார் வரை

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது) காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "சார், புது டயருங்க. பழசை விட அகலமாப் போட்டிருக்கறேன். எப்படீங்க இருக்குது?" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "கம்பீரமா இருக்குது கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து வால்பாறையிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு இறங்கியிருக்கிறான். அந்தப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக அசைவது போல இருந்ததாம். ஆழியாறு வந்ததும் ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தான், குரலே சரியில்லை. பொள்ளாச்சியில் வயதான டயர் மிஸ்திரி ஒருவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ரிம்முக்கு இந்த டயர் சேராதுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். டயர் மாட்டிய வெளியூர்க் கடைக்காரர் மேல் கோபம் தாங்காமல், மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசப் போவதாகக் குதித்தான். "அப்படீன்னா என் பேருக்கும் சேர்த்து அரை. நானும்தானே நல்லா இருக்குதுன்னு சொன்னேன்" என்றேன்.

தெரியாத விஷயத்தில் தலையாட்டிய குற்றம் மனதை உறுத்தியதால், டயரும் ரிம்மும் எப்படி ஜோடி சேர்ந்தன என்று உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பார்கள். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் ஆசாரி மரத்தில் செய்து கொடுப்பார். கொல்லர் அந்தச் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இரும்புப் பட்டையை வளைத்து ஒட்டுவார். வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்து விரிந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரம் முறுமுறுவென்று இறுகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பட்டை பெரிதாகிவிட்டால் கோடையில் மரம் காய்ந்ததும் கழன்று ஓடும். ரொம்பச் சிறிதாகிவிட்டால் ஆரக்கால் நெளியும். ஆங்கிலத்தில் 'டயர்' என்ற சொல்லே முதலில் இந்த இரும்புப் பட்டைக்குத்தான் இருந்தது. ரப்பர் பின்னால் வந்து பெயரை வாங்கிக்கொண்டது.

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் அது எடுபடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்குச் செய்தார். அது பரவியதும் அடுத்த கேள்வி வந்தது: காற்றடைத்த டயரை ரிம்மில் எப்படிப் பிடித்து வைப்பது? 1890-ல் இரண்டு பதில்கள் கிடைத்தன. பார்ட்லெட் என்பவர், டயர் ஓரத்தைக் கொக்கி போல வளைத்து ரிம்மின் மடிந்த விளிம்புக்குள் மாட்டினார். அங்கே பிடிமானம் முழுக்கக் காற்றழுத்தம்தான். காற்று குறைந்தால் டயர் கழன்று வந்துவிடும். வெல்ச் என்பவர், டயர் ஓரத்துக்குள் நீளாத கம்பி வளையம் வைத்து, ரிம்மின் நடுவில் பள்ளம் விட்டார். இன்றைக்கு நம் மெக்கானிக்குகள் 'பீடிங்' என்று சொல்வது அந்தக் கம்பி விளிம்பைத்தான். இன்றைய கார் ரிம்மிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1920-ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, தானே ஓட்டி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. இரும்புப் பட்டை வண்டிகள் தடம் பதித்த சாலையில் ரப்பர் டயர் உருண்ட காலம் அது.

அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகம் ஓடிய கார் ஃபோர்டு மாடல் டி. அதன் டயர் அளவைப் பாருங்கள்: முன்னால் 30 x 3, பின்னால் 30 x 3½. முதல் எண் டயரின் வெளிவிட்டம், இரண்டாவது அதன் பருமன், எல்லாம் அங்குலத்தில். ரிம்மின் விட்டம் எழுதியிருக்காது, நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். 30-லிருந்து இரண்டு மூன்றைக் கழித்தால் முன் ரிம் 24. பின்னால் 30-லிருந்து இரண்டு மூன்றரை, அதாவது 7 போனால் 23. ஒரே காரில் முன்னுக்கு ஒரு ரிம், பின்னுக்கு ஒரு ரிம்! முன்சக்கர டயர் பின்னால் சேராது. இன்னொரு வேடிக்கை, 31 x 4 என்று ஒரு 'பெரிய சைஸ்' டயர் விற்றார்கள். 31-லிருந்து 8 போனால் அதே 23. ஆகவே பின் ரிம்மிலேயே அதை மாட்டலாம். சைஸ் ஏற்றும் ஆசை நம் பையனோடு பிறந்தது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

1920-களின் நடுவில் பருமனான, காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயர்கள் வந்தன. பிறகு எழுதும் முறையும் மாறியது: முதலில் டயரின் பருமன், அடுத்து ரிம்மின் விட்டம். நம் அம்பாசடருக்கு 5.90-15, பிரீமியர் பத்மினிக்கு 5.20-14. ரேடியல் வந்த பிறகு பருமனை மில்லிமீட்டரில் எழுதினார்கள், ரிம் விட்டத்தை மட்டும் அங்குலத்திலேயே விட்டுவிட்டார்கள். 165/80 R14 என்றால் அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம். இத்தனை மாறியும் ஒன்று மட்டும் அந்த எண்ணுக்குள் வரவே இல்லை. ரிம்மின் அகலம்! 14 அங்குல டயர் எந்த 14 அங்குல ரிம்மிலும் ஏறிவிடும். மாட்ட முடிந்துவிட்டதாலேயே பொருத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் பையன் வண்டியில் ரிம் அகலம் 5 அங்குலம். கம்பெனி போட்டுக் கொடுத்த 165/80 டயருக்கு 4 முதல் 5½ அங்குலம் வரை ரிம் ஆகும், ஆகவே பிரச்சினையில்லை. அவன் மாட்டியது 195/65. அதற்குக் குறைந்தது 5½ அங்குலம் வேண்டும், அளவெடுக்கும் ரிம்மோ 6 அங்குலம். 195 மி.மீ. என்ற அகலமே அந்த 6 அங்குல ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும். அப்படியானால் அவன் 195-க்குக் காசு கொடுத்து 185 வாங்கியிருக்கிறான். அதோடு போனால் பரவாயில்லை. பீடிங் இரண்டும் நெருங்குவதால் பக்கச் சுவர்கள் பிதுங்குகின்றன, தரையில் படும் பகுதி நடுவில் மேடாகி அங்கே மட்டும் தேய்கிறது. வளைவில் திரும்பும்போது ரிம் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம் இழுக்கும். காற்றும் குறைந்திருந்தால் பீடிங் ரிம்மை விட்டு நகரவும் கூடும். அவன் உணர்ந்த அசைவு இதுதான்.

டயர் எவ்வளவு தட்டையோ, அதற்கு அவ்வளவு அகலமான ரிம் வேண்டும். 165/80-க்கு அளவெடுக்கும் ரிம் 4½ அங்குலம், டயர் அகலத்தில் சுமார் 70 சதவீதம். 205/55-க்கு 6½ அங்குலம், சுமார் 80 சதவீதம். ரிம் தேவைக்கு மேல் அகலமாக இருப்பதும் ஆபத்துதான். பக்கச் சுவர் இழுபட்டு நிற்கும், ரிம் ஓரம் கல்லில் குழியில் நேராக அடிபடும்.

ரிம் அகலத்தைத் தெரிந்துகொள்ள, சக்கரத்தைக் கழற்றும்போது உட்பக்கம் பாருங்கள். 14 x 5J அல்லது 5J x 14 என்று அச்சடித்திருக்கும். 5 என்பதுதான் அகலம், J என்பது விளிம்பின் வடிவம். எழுத்து அழிந்திருந்தால், பீடிங் உட்காரும் இரண்டு உள்விளிம்புகளுக்கு இடையே அளக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். எந்த டயருக்கு எந்த ரிம் என்ற அட்டவணை டயர் கம்பெனிகளிடம் உண்டு. இந்தியாவுக்கு ஐ.டி.டி.ஏ.சி. என்ற தொழில்நுட்பக் குழு தனியாகவே தரக் கையேடு போடுகிறது. கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பையன் இப்போது 165-க்கே திரும்பிவிட்டான். கழற்றிய நான்கு டயரும் அவன் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. 6 அங்குல ரிம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது, தங்கள் வண்டிக்கு அந்த 195/65 R14 சைஸ் ஆகுமா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.