காத்தை அடைச்சு வெச்ச கதை: திருச்செங்கோட்டுல இருந்து ஜெர்மனி வரைக்கும்

இந்த எபிசோடுக்கான ஐடியா ஒரு போர் வண்டி பக்கத்துலதான் வந்தது. போன மாசியில ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். எங்க தோட்டத்துல அஞ்சாவது போர் ஓடிட்டு இருந்தது. முதல் நாலுல ஒண்ணுலதான் தண்ணி இருக்கு, அதுவும் கோடையில விட்டு விட்டுத்தான் வரும். ராத்திரி பதினொரு மணி. கம்ப்ரசர் இரைச்சல்ல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதுகூட கேக்காது. வெள்ளைப் புழுதி அப்படியே தென்னை மட்டை மேல படியுது. எழுநூறு அடி தாண்டியும் புழுதி ஈரமாகல. அப்பா ஒண்ணும் பேசாம கட்டில்ல உக்காந்திருந்தார். அடி கூடக் கூட ரேட்டும் கூடும்ங்கிறது அவருக்குத் தெரியும்.

நேரம் போகணுமேன்னு போன்ல ஏதோ படிச்சுட்டிருந்தேன். அமுக்கின காத்துல மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற மின் நிலையங்களைப் பத்தி. காத்தாலையும் சோலாரும் அதிகமா ஓடுற நேரத்துல, மிச்சமாகிற கரண்ட்ல கம்ப்ரசரை ஓட்டி, பூமிக்கு அடியில இருக்கிற குகையில காத்தை அடைச்சு வைக்கணும். சாயங்காலம் எல்லார் வீட்லயும் லைட்டு எரியும்போது, அதைத் திறந்து விட்டு டர்பைனைச் சுத்த வைக்கணும். அவ்வளவுதான் ஐடியா.

என் மாமா இருபது வருஷமா போர் வண்டியில இருக்கார். அவர்கிட்ட காதோட காதாக் கத்திச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, அந்தச் சூட்டை என்ன பண்றாங்களாம்?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் படிக்கப் படிக்கத் தெரிஞ்சது, இந்தத் தொழில்நுட்பத்தோட நாப்பது அம்பது வருஷ வரலாறு மொத்தமும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

சைக்கிளுக்குக் காத்தடிச்சிருந்தா உங்களுக்கும் தெரியும். பம்போட அடிப்பக்கம் கை வைக்க முடியாது. காத்தை அமுக்கினா சூடாகும். சாதாரணக் காத்தை வழியில குளிர வைக்காம ஒரே மூச்சுல இருபது மடங்கு அமுக்கினா, கணக்குப்படி வெப்பம் 400 டிகிரியைத் தாண்டும். போர் வண்டியில அதுக்காகத்தான் ஆயிலும் கூலரும் அவ்வளவு பெரிய ஃபேனும். அந்த ஃபேன் வெளிய தள்ளுற அனல் எல்லாம் நாம காசு குடுத்து வாங்கின டீசல். திரும்பக் காத்தை விரிய விட்டா இதுக்கு நேர் எதிர், ஜில்லுன்னு ஆகி உறைஞ்சே போகும். அதனால சூட்டைத் தொலைச்சவன், காத்தைத் திறக்கும்போது வேற எங்கிருந்தாவது சூடு கடன் வாங்கணும்.

இப்ப கொஞ்சம் பின்னாடி போவோம். காத்தை வேலை வாங்கினதோட பெரிய கதை ஆல்ப்ஸ் மலையில நடந்தது. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவுல மோன் செனி ரயில் சுரங்கம். 1857-ல தோண்ட ஆரம்பிச்சாங்க. மலைக்குள்ள கிலோமீட்டர் கணக்குல போனா நீராவி இன்ஜின் வைக்க முடியாது, புகையில ஆளே செத்துடுவாங்க. ஜெர்மன் சோமெய்யே அப்படிங்கிற இன்ஜினியர் (பேர்தான் ஜெர்மன், ஆள் ஜெர்மன்காரர் இல்ல) வெளிய அருவித் தண்ணியை வெச்சுக் காத்தை அமுக்கி, குழாய்ல உள்ள அனுப்பி, அதுல பாறைத் துளைக்கும் மெஷினை ஓட்டினார். மெஷினும் ஓடும், வேலை செய்யறவங்களுக்கு மூச்சு விடக் காத்தும் கிடைக்கும். 1871-ல சுரங்கம் திறந்தாங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடி அவர் இறந்துட்டார்.

அப்புறம் பாரிஸ். விக்டர் பாப்னு ஒருத்தர், ஊர்ல இருக்கிற பொதுக் கடிகாரங்களைக் காத்தழுத்தத்துல ஓட்ட ஆரம்பிச்சார். அது வளர்ந்து, பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் குழாய் வழியாக் காத்து சப்ளை பண்ற கம்பெனியாகிடுச்சு. நம்ம ஊர்ல குடிதண்ணிக் குழாய் மாதிரி அங்க காத்துக் குழாய். அந்த நெட்வொர்க் 1994 வரைக்கும் ஓடியிருக்கு! கரண்ட் வந்ததும் காத்து ஓடிப் போயிடலங்கிறது எனக்கு ஆச்சரியமா இருந்தது.

மோன் செனியில ஓடின மெஷினோட கொள்ளுப் பேரன்தான் எங்க தோட்டத்துல நின்ன வண்டி. சேலம், நாமக்கல் பூமிக்கு அடியில இருக்கிறது சார்னோகைட்டும் நைசும். உலகத்துலயே பழைய, கெட்டியான பாறைகள்ல சேர்த்தி. கிணறு வெட்டின காலத்துல இந்தப் பாறையில தமர் போட்டு, மருந்து வெச்சு வெடிச்சுத்தான் இறங்கணும். அந்தத் தமர் போடவும் டிராக்டர்ல கட்டின கம்ப்ரசர்தான் வரும். ஆழமா இறங்க வழி குடுத்தது, காத்துல ஓடுற ஹேமரைத் துளைக்குள்ளயே இறக்குற முறை. ராடு வழியாக் காத்து போகும், அடியில பிஸ்டன் பிட்டை அடிக்கும், வெளிய வர்ற அதே காத்து கல் தூளை மேல தள்ளும். 1966-67 பீகார் பஞ்சத்தப்போ, கெட்டிப் பாறையில இப்படித் துளைக்கிற வண்டிகளை யுனிசெஃப் விமானத்துல கொண்டு வந்து இறக்கிச்சு. நம்ம நாட்டுல கெட்டிப் பாறையில போர் போடுறதுக்கு அது ஒரு திருப்புமுனை.

அப்புறம் அந்தத் தொழிலை எங்க ஊர் பிடிச்சுக்கிச்சு. ஏன் திருச்செங்கோடு? லாரி. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர். லாரி மேல எதை ஏத்தினாலும் ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்க, பாடி கட்டத் தெரிஞ்ச பட்டறைங்க, வாரக்கணக்குல வெளியூர்ல கிடக்கத் தயாரான பசங்க, எல்லாம் இங்க இருந்தாங்க. இன்னைக்கு மத்தியப் பிரதேசத்துல நடுக் காட்டுல போர் போடுற வண்டியில நம்மூர்ப் பேச்சு கேக்கும். ஆப்பிரிக்காவுக்கே வண்டி போகுது.

இன்னொண்ணு, சென்னையில வளர்ந்தவங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் பல போர்ல மோட்டாரே உள்ள இருக்காது. மேல கம்ப்ரசர் நிக்கும். சின்னக் குழாய்ல காத்தை அடிக்குத் தள்ளும், காத்தும் தண்ணியும் கலந்து இன்னொரு குழாய்ல பொளக் பொளக்னு வெளிய வந்து விழும். திறன் ரொம்பக் கம்மிதான். ஆனா தண்ணி குறைஞ்சாலும் மோட்டார் எரியாது, மணல் வந்தாலும் கெட்டுப் போகாது. அமுக்கின காத்தைப் பத்தி எங்க ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். கரண்ட்ல ஒரு சிக்கல் என்னன்னா, எந்த நொடி எவ்வளவு செலவாகுதோ அந்த நொடி அவ்வளவு உற்பத்தியாகணும். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. அனல் மின் நிலையத்தை ராத்திரியில சட்டுன்னு அணைச்சுக் காலையில பத்த வைக்க முடியாது. இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு பெரிய அளவுல பண்ண முதல் வேலை காடம்பாறை. ஆனைமலையில, மலையைக் குடைஞ்சு உள்ளயே மின் நிலையம். ராத்திரி மிச்சக் கரண்ட்ல கீழ இருக்கிற மேல் ஆழியாறு அணைத் தண்ணியை மேல காடம்பாறை அணைக்கு ஏத்தி, சாயங்காலம் இறக்கி விடுறது. நாலு யூனிட், ஒவ்வொண்ணும் 100 மெகாவாட். முதல் யூனிட் 1987-ல. உயர வித்தியாசம் சுமார் 380 மீட்டர். கணக்குப் போட்டா ஆயிரம் லிட்டர் தண்ணி இறங்கினா ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட்.

அது அதிகாரப்பூர்வமான சேமிப்பு. அதிகாரப்பூர்வமில்லாத சேமிப்பு ஒண்ணும் இருந்தது, அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகல்ல ஆறு மணி நேரம், ராத்திரி மூணு மணி நேரம்னு பிரிச்சு விட்ட காலம். 1990-ல இருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், உண்மைதான். ஆனா எப்ப வரும்ங்கிறது நம்ம கையில இல்ல. மாநிலம் முழுக்க இருபது லட்சத்துக்கு மேல பம்ப்செட். அத்தனையையும் ஒரே நேரத்துல விட்டா கிரிட் தாங்காது. அதனால மில்லும் ஆபீசும் தூங்குற நேரத்துக்கு ஒரு பகுதியைத் தள்ளினாங்க. எங்க அப்பாரு ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போய் மோட்டார் போடுவார். போர்த் தண்ணியைப் பழைய கிணத்துல விட்டு ரொப்பி வெச்சுக்கிட்டு, பகல்ல அதுல இருந்து பாய்ச்சுவார். யோசிச்சுப் பாத்தா அந்தக் கிணறும் ஒரு பேட்டரிதான். கிரிடோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ணினது அப்பாரோட தூக்கம். ராத்திரி மோட்டார் போடப் போய் பாம்பு கடிச்சவங்க, ஷாக் அடிச்சுச் செத்தவங்க எங்க பக்கத்துல எல்லா ஊர்லயும் இருக்காங்க.

அப்புறம் 2008-ல இருந்து 2013 வரைக்குமான மின்வெட்டு. நான் ஸ்கூல்ல படிச்ச காலம். மோசமான நாள்ல பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. எங்க தெருவுல விசைத்தறிச் சத்தம் நின்னு போனா, ஏதோ சாவு விழுந்த மாதிரி இருக்கும். அதே வருஷங்கள்லதான் காத்தாலை வெச்சிருந்தவங்க, நல்ல காத்து அடிக்கிற சீசன்லயே மெஷினை நிறுத்தச் சொல்றாங்கன்னு புகார் பண்ணிட்டிருந்தாங்க. 1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல ஆரம்பிச்ச காத்தாலை, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான மெகாவாட்டா வளர்ந்திருந்தது. கரண்ட்டைக் கொண்டு போகக் கம்பி பத்தல. தென் மாநிலங்களோட கிரிட் வட இந்திய கிரிடோட முழுசா இணைஞ்சதே 2013 டிசம்பர் 31-ல தான். ராத்திரி காத்து அடிக்கும், வாங்க ஆள் இருக்காது. சாயங்காலம் ஆள் இருக்கும், காத்து இருக்காது. இன்னைக்குக் காத்தாலை மட்டுமே பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிடுச்சு, கூடவே கமுதி மாதிரி சோலார் பண்ணைகள். மத்தியானம் வழியிற கரண்ட், ஆறரை மணிக்குக் காணாமப் போயிடும்.

இப்ப மாமாவோட கேள்வி. 1978-ல ஜெர்மனியில ஹன்டார்ஃப்ங்கிற ஊர்ல உலகத்தோட முதல் காத்துச் சேமிப்பு மின் நிலையம் வந்தது. 290 மெகாவாட். பூமிக்கடியில இருக்கிற உப்புப் படிவத்துல தண்ணியை விட்டு, உப்பைக் கரைச்சு எடுத்து, ரெண்டு பெரிய பொந்து பண்ணினாங்க. ரெண்டும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் கன மீட்டர். எட்டு மணி நேரம் காத்து ஏத்தினா ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல ஓடும். சூட்டை என்ன பண்ணாங்க? தூக்கிப் போட்டாங்க. கம்ப்ரசரைக் குளிர வெச்சு, வெப்பத்தை வெளிய விட்டுட்டு, திரும்பத் திறக்கும்போது இயற்கை எரிவாயுவை எரிச்சாங்க. ஒரு யூனிட் கரண்ட் எடுக்க சுமார் 0.8 யூனிட் கரண்டும் 1.6 யூனிட் அளவுக்கு எரிவாயு வெப்பமும் உள்ள போகுது. மொத்தத் திறன் 42 சதவீதம். 1991-ல அமெரிக்காவோட அலபாமாவுல மெக்கின்டாஷ்ல ரெண்டாவது வந்தது, 110 மெகாவாட். வெளிய போற புகையோட சூட்டை உள்ள வர்ற காத்துக்குக் குடுத்து, திறனை 54 சதவீதத்துக்கு ஏத்தினாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷம் இந்த அளவுல வேற எதுவும் வரல. காடம்பாறை மாதிரி நிலையங்கள்ல எழுபது, எண்பது சதவீதம் திரும்பக் கிடைக்கும்போது இதுல யார் பணம் போடுவாங்க?

கதையைத் திருப்பினது சீனா. 2022-ல ஜின்டான்ங்கிற ஊர்ல உப்புக் குகையில 60 மெகாவாட் நிலையம், எரிவாயுவே இல்லாம. அமுக்கும்போது வர்ற சூட்டைத் தனியாப் பிடிச்சுச் சேமிச்சு, திறக்கும்போது திருப்பிக் குடுக்குறாங்க. 2024-ல ஷான்டோங் மாகாணத்துல ஃபெய்செங்ல 300 மெகாவாட். 70 சதவீதத்துக்கு மேல திறன்னு சொல்றாங்க. மாமா கேட்டதுக்கு பதில் கிடைக்க 44 வருஷம் ஆகியிருக்கு.

நம்மூர்ல வருமா? நான் செஞ்ச முதல் முட்டாள்தனம், காய்ஞ்ச போரைக் கணக்குப் போட்டது. எங்க தோட்டத்துலயே அத்தனை ஓட்டை சும்மா கிடக்கு, அதுல காத்தை அடைச்சா? ஆறரை இன்ச், ஆயிரம் அடி போர்னா கொள்ளளவு ஆறரை கன மீட்டர்தான், பாதி தண்ணி லாரி. போர் வண்டி அழுத்தமான 300 பி.எஸ்.ஐ.ல அடைச்சாலும், ஒரு சொட்டு நஷ்டமில்லாம எட்டு யூனிட். பாதி சூடாப் போனா நாலு. ஏழரை எச்.பி. மோட்டாரை முக்கால் மணி நேரம்கூட ஓட்டாது. ஹன்டார்ஃப் பொந்துக்குச் சமமா கிட்டத்தட்ட 48,000 போர் வேணும். அதுவும் பாறை வெடிப்புல காத்து ஒழுகாம இருந்தா. தண்ணி வரணும்னு வெடிப்பைத் தேடித்தானே போரே போடுறோம்!

உப்புப் படிவம் ராஜஸ்தான்ல இருக்கு, இமாச்சலத்துல மண்டிப் பக்கம் இருக்கு. சேலத்துல இல்ல. ஆனா கெட்டிப் பாறையிலயும் குகை வெட்டலாம். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர்ல நம்ம நாட்டுக் கச்சா எண்ணெய்க் கையிருப்பு பாறைக் குகையிலதான் இருக்கு. சுத்தியும் நிலத்தடித் தண்ணி அழுத்திப் பிடிச்சுக்கிறதால எண்ணெய் கசியாது. காத்துக்கும் இதே மாதிரி, மேல ஒரு குளம் வெச்சுத் தண்ணியோட எடையில அழுத்தத்தைச் சமமா வெச்சுக்கிற திட்டம் ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில்லுக்குப் போட்டிருக்காங்க, 200 மெகாவாட். செலவு அதிகம்தான். பேட்டரி விலை வேற வருஷா வருஷம் இறங்குது. ரெண்டு மணி, நாலு மணி நேரத்துக்கு பேட்டரிதான் ஜெயிக்கும்னு நினைக்கிறேன். எட்டு மணி, பத்து மணி நேரத்துக்கு நீலகிரியில குந்தாவுல கட்டுற 500 மெகாவாட் மாதிரி தண்ணித் திட்டங்கள் வரும், ஆனா அதுக்கேத்த மலையும் பள்ளமும் எல்லா இடத்துலயும் கிடைக்காது, காட்டையும் அழிக்கணும். அந்த இடைவெளியிலதான் காத்துக்கு ஒரு வாய்ப்பு. அப்படி ஒண்ணு இங்க வந்தா, கம்ப்ரசர் சத்தத்தை வெச்சே வால்வு போனதைச் சொல்ற ஆளுங்க திருச்செங்கோட்டுல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க.

அந்த ராத்திரி மாமாகிட்ட சீனா கதையைச் சொல்ல முடியல, அப்ப எனக்கே தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணிச் சொன்னேன். "சூட்டைப் பிடிச்சு வெச்சுட்டானா, அப்பச் சரி"ன்னார். அப்புறம் அப்பாவுக்குப் போனைக் குடுத்தார். 940 அடியில ரெண்டு இன்ச் தண்ணி விழுந்ததை நான் ஊர்ல இருக்கும்போதே பாத்தேன். இப்ப ஒரு இன்ச்தான் வருதாம். சோலார் பம்ப்புக்கு எழுதிக் குடுத்திருக்கார், பகல்லயே ஓட்டிக்கலாம்னு.

அடுத்த எபிசோட்ல பைக்காரா. 1932-ல நீலகிரியில இருந்து கோயம்புத்தூர் மில்லுக்குக் கரண்ட் இறங்கின கதை. உங்க ஊர்ல ராத்திரி கரண்ட் அனுபவம் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அதுல சேர்த்துக்கறேன்.