தப்பும் றபானும்

கோப்பியை இலைநோய் தாக்கியது 1869. பதுளைக்கு ரயில் வந்தது 1924. பிள்ளைகள் இதையெல்லாம் மனனம் செய்கிறார்கள். விடியுமுன் லயங்களை எழுப்பிய தப்பைச் செய்தவர் யார் என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேள்வி வருவதில்லை.

தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அந்தத் தொழிலையும் கையோடு கொண்டுவந்தார்கள். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்தால் வட்டச் சட்டம். அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். ஈரக்காற்றில் தோல் தளரும். நெருப்பில் காட்டினால் மறுபடி விறைக்கும். கிழிந்தால் வீட்டு வாசலிலேயே புதுத்தோல் போடுவார்கள்.

பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் முழங்கியதும் அதே தப்பு. துரைக்கு அது மணிக்கூடு. அதைச் செய்து அடித்தவருக்கோ மிஞ்சியது சாதிப்பெயர்.

நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப எங்கள் பாவாமார் அடிக்கும் றபானும் மரமும் தோலும்தான். அவர்களுக்கு ஸலாம் சொல்லி, கையில் காசும் கொடுக்கிறோம். தப்புக்காரரை மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்?

உங்கள் வீட்டில் பழைய தப்பு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தோல் போடத் தெரிந்த தாத்தா ஒருவர் தோட்டத்தில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.